அறிவிப்பு நம்மைத் தேடி வர வேண்டும்
(கிளைக் காரியதரிசிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சம்பளத்தைப் பற்றிய செய்தி நம் காதுக்கு வந்து சேர்கிறதா என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முன்னாளில் தோட்டத்தில் ஓர் உத்தரவு வந்தால், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணியோ கிராணியோ உரக்கச் சொல்வார். ஆபீஸ் சுவரில் காகிதம் ஒட்டுவார்கள். படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல, தெரியாதவர் கேட்டுக் கொள்வார். அறிவிப்பு நம்மைத் தேடி வந்த காலம் அது. இன்றோ பல கம்பெனிகள் ‘இண்ட்ராநெட்’ என்னும் உள்வலையில் அறிவிப்பைப் போட்டு விட்டுத் தங்கள் கடமை முடிந்ததென்று இருக்கின்றன. அறிவிப்பைத் தேடி நாம் போக வேண்டியிருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், தொழிலாளர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித் தொகை தருவதாக உள்வலையில் அறிவித்தார்கள். மனுப் போட இரண்டு வாரத் தவணை. பால்வெட்டுக்குப் போகும் தாய் ஒருவர் விவரம் கேட்டு ஆபீசுக்குப் போனபோது தவணை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. “போட்டிருந்தோமே, பார்க்கவில்லையா?” என்பதே அவருக்குக் கிடைத்த பதில். தோழர்களே, அந்தக் கிளையின் காரியதரிசி அப்போது நான்தான். உள்வலைக்குள் நுழையும் கணக்கும் கடவுச்சொல்லும் என்னிடம் இருந்தன. ஒரு மாதமாக நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை கடிந்து கொள்ளவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, அறிவிப்பு விழுந்தவுடன் நமக்கு மணியடிக்கும் ஏற்பாட்டைச் செய்து கொள்ள வேண்டும். பல கம்பெனிகள் மைக்ரோசாப்டின் ‘ஷேர்பாயிண்ட்’ என்ற அமைப்பில் உள்வலையை நடத்துகின்றன. அதில் பல ஆண்டுகளாக ‘அலர்ட் மீ’ என்றொரு வசதி இருந்தது. புதிய அறிவிப்பு வந்தால் மட்டுமா, திருத்தினாலும் நீக்கினாலுமா, உடனேயா, நாளுக்கு ஒரு முறையா, வாரத்துக்கு ஒரு முறையா என்று குறித்து வைத்தால் மின்னஞ்சல் வந்துவிடும். ஆனால் இவ்வசதியைப் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசாப்ட் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்குப் பதிலாக ‘ரூல்ஸ்’, ‘பவர் ஆட்டோமேட்’ என்ற இரண்டையும் பயன்படுத்தச் சொன்னது. பழைய ஏற்பாட்டை நம்பி இருப்பவர்கள் உடனே சரிபாருங்கள். மணி அடிக்கவில்லை என்றால் அறிவிப்பே இல்லை என்று அர்த்தமாகாது. மணியே கழற்றப்பட்டிருக்கலாம்.

‘ரூல்ஸ்’ முறை கடினமானதல்ல. அறிவிப்புகள் உள்ள பட்டியலைத் திறந்து, மேலே ‘ஆட்டோமேட்’ என்பதை அழுத்தி, விதி ஒன்றை உண்டாக்க வேண்டும். எது நடந்தால் செய்தி வர வேண்டும் என்று அது கேட்கும். ‘புதிதாக ஒன்று சேர்ந்தால்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு அனுப்புவது என்று குறித்தால் போதும். தவணைத் தேதி மாறினாலும் தெரிய வேண்டுமானால், அதற்குத் தனியாக இன்னொரு விதி போடுங்கள். உத்தரவைப் போட்டதைவிடத் திருத்தியதில்தான் நாம் அதிகம் ஏமாந்திருக்கிறோம். அனுமதி இல்லையென்று கம்ப்யூட்டர் சொன்னால் ஆபீசில் எழுத்து மூலம் கேளுங்கள்.

உண்டாக்குவது பாதி வேலை, பராமரிப்பது மறுபாதி. எல்லாவற்றுக்கும் மணி வைத்தால் எதற்கும் திரும்பிப் பார்க்க மாட்டோம். விருந்து, விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் வேண்டாம். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, வீடு, மருத்துவம், பாதுகாப்பு, உதவித் தொகை, இவற்றுக்கு வையுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் வைக்காதீர்கள். அவர் விடுப்பில் போனாலும் மாற்றலாகிப் போனாலும் கிளைக்கே காது அடைபட்டுவிடும். காரியதரிசி, கமிட்டி அங்கத்தினர் ஒருவர், ஆக இருவர் இருக்கட்டும். மாதம் ஒரு முறை விதிகளைத் திறந்து, அவை இயங்குகின்றனவா என்று பாருங்கள். விலகியவரின் பெயரை நீக்குங்கள்.

செய்தி வந்த பிறகு என்ன செய்வது? நம் கைத்தொலைபேசியிலேயே அதை வைத்துக் கொள்வதா? அன்று மாலையே லயத்துக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் போடுவதோடு நில்லாமல், அது இல்லாதவரிடம் வாயால் சொல்லுங்கள். பக்கத்து வரிசையில் மரம் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னோம் என்று கிளை நோட்டில் குறித்து வையுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது ஒன்று உண்டு. உள்வலையில் போட்டதாலேயே தொழிலாளிக்குத் தெரிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கு 7 நாள் விடுப்பு வந்தது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாயிற்று. இப்படிப்பட்ட செய்தி ஒருவருக்குத் தெரியாமற் போனால், தனக்குரியதைக் கேட்கவே அவருக்குத் தெரியாது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்பூட்டும் அறிவிப்பை வேலையிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டுமென்று அதே 2023 முதல் சட்டம் சொல்கிறது. அந்த ஓர் அறிவிப்புக்குப் பொருந்தும் நியாயம் மற்றவற்றுக்கும் பொருந்தாதா? ஆகவே, உள்வலையில் போடும் ஒவ்வொரு முக்கிய அறிவிப்பையும் பெரட்டுக் களப் பலகையிலும் ஒட்ட வேண்டும், தமிழிலும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிளையும் கோர வேண்டும்.

கம்ப்யூட்டரை நான் பழிக்கவில்லை. அது நமக்கும் வேலை செய்யட்டும் என்கிறேன். வீடு திரும்பியதும் இன்றிரவே அந்த விதியைப் போடுங்கள். இனி எந்தத் தாயும் நான்கு நாள் தாமதமாக ஆபீஸ் வாசலில் நிற்கக் கூடாது.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை! வணக்கம்.