பெயரும் பொதியும்

மறையூர்ச் சர்க்கரையைத் தேவிகுளம் தாலுகாவில் அறியாதார் இலர். 2019-இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் சென்னையிலிருந்து வரும் உறவினர் கையில் அதைக் கொடுத்தால், "இது வெல்லம் அல்லவா?" என்பார். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நாம் சர்க்கரை என்னும் வெள்ளைப் பொருளுக்கு அங்கே பஞ்சசாரை என்று பெயர். (பொங்கலன்று மட்டும் நாமும் பழைய பொருளை மறப்பதில்லை.) எல்லைப்புறத்து மக்கள் இடமறிந்து பொருள் கொள்வர். கணிப்பொறிக்கு அத்திறமை கிடையாது. ஓரெழுத்து மாறினாலும், அப்படியொன்று தன்னிடம் இல்லை என்று கைவிரித்துவிடும்.

கேரளத்துப் பள்ளிக் கணிப்பொறிகளுக்கென 'கைட்' என்னும் அரசு நிறுவனம், உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஓர் இயங்குதளத்தைத் தொகுத்தளிக்கிறது. மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்கும் அதுவே. பெங்களூரில் பணியாற்றும் தேவிகுளத்து இளைஞர் ஒருவர், தாம் படித்த பள்ளிக்காக ஒரு மென்பொருள் செய்கிறார் என வைத்துக்கொள்வோம். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்தைப் படித்து, அதைத் திருத்தக்கூடிய எழுத்துரையாக மாற்றித் தருவது அதன் வேலை. எழுத்தறியும் பொறுப்பை 'டெஸராக்ட்' என்னும் கட்டற்ற மென்பொருளிடம் விட்டிருக்கிறார்.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒவ்வொரு பொதியின்மேலும், தனக்கு வேண்டிய பிற பொதிகளின் பெயர்ப்பட்டியல் உண்டு. அதனையே சார்பு என்கிறோம். அவர் கணிப்பொறியில் இருப்பது ஃபெடோரா. அங்கே தமிழெழுத்துத் தரவின் பெயர் 'டெஸராக்ட்-லாங்பேக்-டாம்'. உபுண்டுவிலோ அதுவே 'டெஸராக்ட்-ஓசிஆர்-டாம்'. மென்பொருளைக் கட்டுவதற்கு வேண்டிய பொதி அங்கே 'டெஸராக்ட்-டெவல்', இங்கே 'லிப்டெஸராக்ட்-டெவ்'. பொருள் இரண்டு, பெயர் நான்கு! தமிழ்த் தரவை விட்டுவிட்டால் டெஸராக்டால் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க இயலாது. மென்பொருள் பழுது என்றே ஆசிரியர் எண்ணுவார்.

ஒரே பெயரில் இரு பொருள் இருப்பது இதனினும் தொல்லை. 'நோட்' என்றால் இன்று பலரும் 'நோட்.ஜேஎஸ்' என்றே கொள்வர். டெபியனில் அப்பெயரை முன்னரே வைத்திருந்தது, பொழுதுபோக்கு வானொலியாளர் பயன்படுத்திய வேறொரு நிரல். 2012-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு, புதியவருக்கு 'நோட்ஜேஎஸ்' என்ற பெயரையே விதித்தது. வானொலியில் பேசும் நமக்கு அதில் சிறிது மகிழ்ச்சி உண்டு. ஆனால் 'நோட்' என்றே அழைத்துப் பழகிய எத்தனையோ நிரல்கள் டெபியனில் திகைத்து நின்றன. பழைய நிரல் விலகிய பின்னரே, பெயர் புதியவர் கைக்கு வந்தது.

நிற்க. நம் இளைஞர் உபுண்டுவுக்கே மாறி, 24.04 பதிப்பில் மென்பொருளைக் கட்டுகிறார். பள்ளியில் உள்ளதோ 22.04 பதிப்பின் வழி வந்தது. அங்கே நிறுவும்போது, 'லிப்எஸ்எஸ்எல்3டி64' இல்லை என்று மறுப்பு வருகிறது. பட்டியலில் அப்பெயரை அவர் எழுதவில்லை. கட்டிய கணிப்பொறி தானே எழுதிக்கொண்டது. இணையத்தோடு மறைவாகப் பேச உதவும் நூலகம் அது, 22.04-இல் அதன் பெயர் வெறும் 'லிப்எஸ்எஸ்எல்3'. 32 பிட் எண்ணில் நேரத்தைக் கணக்கிடும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் நாள் எண் தீர்ந்துபோகும். அதற்கு முன்னேற்பாடாக நேர எண்ணை அகலமாக்கியபோது பல நூலகங்களுக்கு இந்த வால் ஒட்டிற்று. 64 பிட் கணிப்பொறிகளில் நேர எண் முன்பே அகலமானது. ஆயினும் பெயர் மாறியது. அங்கே புதிய பொதி, பழைய பெயருக்கும் தானே பொறுப்பு என்று அறிவித்துக்கொள்கிறது. ஆதலால் 22.04-இல் கட்டியதற்கு 24.04-இல் இப்பெயர்த் தடை இராது; 24.04-இல் கட்டியது 22.04-இல் ஏறாது.

பட்டியலைக் கையால் திருத்தி ஏமாற்றலாமே என்று சிலர் நினைப்பர். அவ்வாறு நிறுவியது, புதிய சி நூலகத்தைத் தேடி, ஓடும்போது விழக்கூடும். பள்ளியில் உள்ள பதிப்பையே தம் கணிப்பொறிக்குள் தனியறைபோல் அமைத்து அதிலே கட்டுவதுதான் நேர்வழி. பெயர் தெரியாத இடத்தில், கோப்பைக் கொண்டு பொதியைத் தேடலாம்: உபுண்டுவில் 'ஆப்ட்-ஃபைல்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்' என்னும் கட்டளைகள் அதற்கே உள்ளன. விடுமுறைக்கு மூணாற்று வண்டி ஏறுமுன் தமிழ்த் தரவுப் பொதியையும் கூடவே எடுத்துக்கொள்ளட்டும். மலையில் இணையம் எந்நேரமும் கைகொடுக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டாம்.