மீண்டும் வரும் அடி



‘கூறியது கூறல்’ நூற்குற்றம் பத்தனுள் ஒன்று என்று மாணாக்கர்க்கு நன்னூல் கற்பித்தவன் நான். ஆயினும், கூறியதையே கூறிச் சிறப்பெய்தும் பாவகை ஒன்று மேலை நாட்டில் உண்டு. அதன் பெயர் வில்லனெல்.

வில்லனெல்லுக்கு 19 அடிகள். மூவடிப் பத்திகள் ஐந்து. இறுதியில் நாலடிப் பத்தி ஒன்று. முதல் அடி 6, 12, 18ஆம் அடிகளாகவும், மூன்றாம் அடி 9, 15, 19ஆம் அடிகளாகவும் மீள்கின்றன. இவ்வாறு 8 இடங்களை இரண்டே அடிகள் கைக்கொள்ளுமாயின் சலிப்பன்றோ விளையும் என நீங்கள் வினவலாம். மீளும் அடிக்கு முன் நிற்பவை மாறுந்தோறும் அதன் குரலும் மாறுவதால் சலிப்பு நேர்வதில்லை.

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் தம் தந்தையை எண்ணிப் பாடிய வில்லனெல் 1951இல் வெளிவந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். சாவுக்கு எளிதிற் பணிதல் கூடாது என்பதே பாட்டின் கருத்து. முதற்பத்தியில் மீளடிகள் ஏவலாக நிற்கின்றன. அடுத்த நான்கு பத்திகளில் நால்வகை மாந்தர் தம் இறுதியை எதிர்கொள்ளும் விதம் சொல்லப்படுகிறது. ஆங்கே அதே சொற்கள் செய்தியாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் வினைவடிவம் ஒன்றே. தமிழிலோ ‘பணியாதே’ வேறு, ‘பணியார்’ வேறு. தந்தையை நோக்கினால் ‘பணியாதீர்’ என வேண்டும். மொழிபெயர்ப்போர் இடர்ப்படும் இடம் இது.

16ஆம் அடியில்தான் தந்தை முதன்முறையாக விளிக்கப்படுகிறார். அதன்பின் வரும் ஏவல், முன்னிருந்த கட்டளைத் தொனியை இழந்து, மகனின் மன்றாட்டாக ஒலிக்கிறது. தந்தை 1952இல் மறைந்தார்; மறு ஆண்டே மகனும் மறைந்தார்.

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் 1976இல் வெளியிட்ட ‘ஒன் ஆர்ட்’ வேறு வழி செல்கிறது. இழத்தல் கற்றற்கு எளிய கலை என்று அதன் முதலடி அமைதியாகச் சொல்கிறது. முதலில் இழப்பது திறவுகோல், பின்னர் வீடுகள், முடிவில் அன்புக்குரிய ஒருவர். இழப்புப் பெருகப் பெருக, அதே கூற்று நம்பத்தகாததாகிறது. ஆறுதல்போல் தொடங்கிய அடி, அழுகையை அடக்கும் முயற்சியாய் முடிகிறது.

ஆகவே இத்தகைய பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். மீளும் அடியை முன்போலவே ஒலிக்க இயலாமல் நா தயங்கும் இடம் ஒன்று வரும். கவிஞர் உள்ளம் திறந்திருப்பது அங்கேதான்.