குதுப் மினார் கதவும் நம் மாடிப்படியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். வங்கியில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவனுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊத்தங்கரை பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன ஊர். பரீட்சை முடிந்தால் சுற்றுலாதான். என் பேத்தியும் பள்ளியோடு டெல்லி போய் வந்தாள். குதுப் மினார் போட்டோவைக் காட்டி, "உள்ளே படி இருக்காம் தாத்தா. ஆனா கதவைப் பூட்டி வச்சிருக்காங்களே, ஏன்?" என்று கேட்டாள்.

பல வருடம் முன்பு எல்.எஃப்.சி.யில் குடும்பத்தோடு போனபோது நானும் அந்தப் பூட்டைப் பார்த்தவன்தான். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

மினாரின் உயரம் 72.5 மீட்டர், அதாவது சுமார் 238 அடி. நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி. நாகூர் தர்காவின் பெரிய மனோரா 131 அடி. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 1199 வாக்கில் குத்புத்தீன் ஐபக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் இல்துத்மிஷ் மேல் அடுக்குகளைக் கட்டினார். 14ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து சேதமானதை பிரோஸ் ஷா துக்ளக் சரிசெய்தார். 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளே 379 படிகள், சுற்றிச் சுற்றி ஏறும் குறுகலான படிகள்.

அந்தப் படிகளில் ஒரு காலத்தில் பொதுமக்களை ஏறவிட்டார்கள். 1981 டிசம்பர் 4ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அந்நாட்களில் வெள்ளிக்கிழமை என்றால் பள்ளி மாணவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் பல பள்ளிகள் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தன. மினாருக்குள் முந்நூறு பேருக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். திடீரென்று மின்விளக்குகள் அணைந்தன. படிக்கட்டு இருண்டது. பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே ஓடினார்கள். நெரிசலில் சிக்கி 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அதன்பிறகு அந்தக் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டடம் இடியவில்லை, தீப்பிடிக்கவில்லை. எண்ணூறு வருடக் கட்டடம் இன்றும் உறுதியாக நிற்கிறது. விளக்கு போனது, படி குறுகல், ஆள் அதிகம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வினை. நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். அங்கே தீ பிடித்தது கூரையில். ஆனால் குறுகலான படியும் பிள்ளைகள் தப்ப முடியாமல் போனதற்கு ஒரு காரணம்.

இதைப் பேத்தியிடம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "நம்ம மாடிப்படியிலயும் கரண்ட் போனா இருட்டுதானே தாத்தா?" எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது ஒவ்வொரு தளமாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். செருப்பு ஸ்டாண்டு, காலி தண்ணீர் கேன், சைக்கிள், பூந்தொட்டி, பழைய பேப்பர் கட்டு எல்லாம் திருப்பங்களில் இருந்தன. யாரையும் குறை சொல்ல வரவில்லை. இரண்டாவது தளத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்ற பழைய சைக்கிள் என்னுடையது. மகன் கல்லூரி போன காலத்திலிருந்தே அங்கே நிற்கிறது. போன மழைக்காலத்தில் கரண்ட் போனபோது பக்கத்து வீட்டு அம்மா அதில்தான் முட்டிக்கொண்டார். அன்று "பார்த்து வாங்கம்மா" என்று சொன்னேனே தவிர, சைக்கிளை எடுக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரவர் வாசல் முன்னும் படித் திருப்பத்திலும் உள்ள பொருட்களை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

இரண்டு, கரண்ட் போனால் தானாக எரியும் பேட்டரி விளக்கை ஒவ்வொரு தளத்திலும் மாட்ட பராமரிப்பு நிதியிலிருந்து செலவு செய்ய ஒப்புதல் தாருங்கள். கணக்கை நான் எழுதி வைக்கிறேன். ஒரு ரூபாய் தவறினாலும் கேளுங்கள்.

மூன்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுவோம். அப்போது விளக்கு அணைந்தால் ஓடக்கூடாது. கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டும். முன்னால் இருப்பவரைத் தள்ளக்கூடாது. தீ விபத்து என்றால் லிஃப்டில் ஏறக்கூடாது, படிதான் வழி. அந்த வழி அடைபடாமல் இருக்க வேண்டும்.

மினாரைப் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பாததால் அங்கே ஒரு கதவைப் பூட்டினார்கள். நம் மாடிப்படியைப் பூட்ட முடியாது. தினமும் நம் பிள்ளைகள் ஏறி இறங்கும் படி அது. சுத்தமாகவும் வெளிச்சமாகவும் வைத்திருப்போம்.