பிள்ளைக்கு 18 வயது ஆனால் மனநல வார்டில் என்ன மாறும்?

(வேதாரண்யத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் பேசியதிலிருந்து)



சுகர், பிரஷர்னா குழுக் கூட்டத்துல தாராளமா பேசுறோம். பிள்ளைக்கு மனநோய்னா மட்டும் மூடி வைக்கிறோம். அதனால தெரிய வேண்டியதும் தெரியாமப் போகுது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பெரியவர்களோடு போடாமல் தனியாக வைக்க வேண்டும். பெற்றோரோ, அவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் துணைக்குப் பெண்தான் தங்க வேண்டும்.

வார்டில் இருக்கும்போதே 18 நிறைந்தாலும், அன்று முதல் அவர் பெரியவர். சேர அவரே கையெழுத்துப் போடுவார். வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை நிறுத்திப் பரிசோதிக்கலாம். துணைக்கு ஆள் கட்டாயம் என்ற விதியும் இல்லை.

"நேத்து வரைக்கும் நான்தானே கையெழுத்துப் போட்டேன்"னு தாய்மார் தவிக்கிறது இங்கதான். அதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

1. பதினேழு வயதிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: அடுத்து எந்தப் பிரிவு, யாரைப் பார்க்கணும்? மருந்தின் பெயர், அளவு, ஒத்துக்காத மருந்து எல்லாம் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் பையில் வையுங்கள். 2018 கஜா புயலில் நனைந்த காகிதங்களை மறந்திருக்க மாட்டோம்.

2. டாக்டர் மாறும் இடைவெளியில் மாத்திரை நிற்கக் கூடாது.

3. 18 நிறைந்ததும், பிள்ளை தெளிவாக இருக்கும்போது, தன் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். ஸ்டாம்பு பேப்பர் வேண்டாம். பிரதிநிதியும் சம்மதம் எழுதித் தரணும். பிள்ளை விரும்பினால் பிறகு மாற்றலாம். நோய் முற்றித் தானே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், இவர் கேட்டு, டாக்டர்கள் பரிசோதித்து, 30 நாள் வரை சேர்க்கலாம். கடிதம் இல்லாவிட்டாலும் சட்டம் உறவினரை ஏற்கும். ஆனா அந்த நேரத்துல "நீயா, நானா"ன்னு சண்டை எதுக்கு?

4. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பார்கள். கல்யாணம் வைத்தியம் இல்லை.

உப்பளத்துக்குப் போற தாய் பத்து நாள் ஆஸ்பத்திரியில தங்கினா கூலி போச்சு, தவணையும் நிக்கும். அப்போ குழு அவசரக் கடன் கொடுக்கலாம். வீட்டிலிருக்கிற மத்த பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறு பார்த்துக்கலாம். இதை இந்த மாதமே தீர்மானமா எழுதுங்க.

சந்தேகம் இருந்தா 14416 எண்ணுக்குப் போன் போடுங்க. டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.