மருந்தோடு ஒரு சுண்டு பருப்பு



இங்கே வரும்போது பேராதனைப் பாலத்தில் பஸ் கொஞ்சம் நின்றது. கீழே மகாவலி நிறைந்து ஓடியது. 1934இல் இதே ஆறு பாறைக்குப் பாறை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டு. வெயில் படுகிற தெளிந்த குட்டை என்றால் மலேரியா நுளம்புக்குக் கொண்டாட்டம். மற்ற ஆண்டுகளில் வெள்ளம் வந்து குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு வெள்ளமே இல்லை. கேகாலை, குருநாகல், கண்டிப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். சில மாதங்களுக்குள் நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்கள் போயின.

அரசாங்கம் குயினின் கொடுத்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை போய், வறட்சியில் விளைச்சலும் போன வயிற்றுக்குள் குயினின் தனியாக என்ன செய்யும்? நிவாரணத்துக்குப் போன, இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு சாப்பாட்டுச் சாமானும் சுமந்தார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவுக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர் 'பருப்பு மாத்தையா'. லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்! எனக்கென்னவோ ஊர் கொடுத்த பட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

2020இன் கொரோனாவுக்கு வருகிறேன். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு. "வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். சரியான கட்டளை. ஆனால் எந்த வீடு? தோட்டத்து லயக்காம்பராவில் ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஆறு பேர். நோயாளிக்குத் தனி அறை என்றால் மற்ற ஐந்து பேரும் தேயிலைக்குள்ளா படுப்பது?

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டேன். பீலியடியில் மீட்டருக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டம். வட்டத்துக்குள் குடங்கள் வரிசை பிசகாமல் நின்றன. குடத்துக்காரிகள் ஐந்தாறு பேர் பக்கத்துக் கல்லில் தோளோடு தோள் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டேன். பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஒரு லயத்துக்கே ஒரு பீலி. அவர்கள் வேறு எங்கே போய்க் காத்திருப்பது?

அந்த மார்ச் கடைசியில், முஸ்லிம்கள் நிறைந்த அக்குறணையை மூடினார்கள். தொற்று பரவாமல் மூடுவது முறைதான். ஆனால் நோய்க்கு ஒரு சமயத்தின் பெயரைச் சூட்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்க, எரித்தே ஆகவேண்டுமென்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அது மாற 2021 பெப்ரவரி ஆயிற்று. வாப்பாவை எரித்துவிடுவார்கள் என்று நடுங்குகிற மகன், வாசலில் நிற்கும் பீ.எச்.ஐ. ஐயாவிடம் காய்ச்சலைச் சொல்வானா, ஒளிப்பானா?

மாநகர சபையிலிருந்தும் சுகாதாரப் பகுதியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். அடுத்த நோய்க்குத் திட்டம் போடும்போது மருந்துக் கணக்குக்குப் பக்கத்திலேயே அரிசி பருப்புக் கணக்கையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒருநாள் காலை ஐந்தரைக்கு, பெரட்டுக்கு ஆள் போவதற்கு முந்தி, பீலியடிக்கு வாருங்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.