வாக்காளர் பட்டியலில் நம் பெயர் எந்த ஊரில் இருக்கிறது?

 

பொழுது புலருமுன் பெரட்டில் பெயர் கூப்பிடும் வழக்கத்தை நாம் நன்கு அறிவோம். நாள் முழுதும் மரம் வெட்டினாலும் செக்ரோலில் பெயர் இல்லையேல் சம்பளம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தாலும் நமக்குப் பயனில்லை. வாக்காளர் பட்டியலும் அத்தகையதே. பெயர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி; எந்த ஊரில் இருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறோம்.

முன்னாளில் 21 வயது நிரம்பியவர் தாமே சென்று, படிவம் நிரப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து பட்டணத்துக்குப் போக மனமின்றி வாழ்நாள் முழுதும் பதியாமலே இருந்துவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. 2019 ஜூலையில் அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 211 உறுப்பினர்கள் அதனை ஆதரித்தனர், எதிர்த்தவர் ஒருவருமில்லை. 2021 டிசம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் கேளாமலே பட்டியலில் ஏறுகிறது. 2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் இளைஞர்கள் இம்முறைப்படி முதன்முதலாக வாக்களித்தனர்.

பெயர் தானாக ஏறுகிறது. ஆனால் எந்த முகவரியில்? அடையாள அட்டையில் உள்ள முகவரியில். இங்கேதான் நம் மக்களுக்குச் சிக்கல் பிறக்கிறது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபோன பின்னும், அட்டையில் பழைய தோட்டத்தின் பெயரே நிற்கிறது. அந்த முகவரிக்குக் கடிதம் போட்டால் வாங்க ஆளில்லை. வாக்கு மட்டும் அங்கேயே கிடக்கிறது.

பிறந்த மண்ணில் வாக்களிப்பதே பெருமை என்பார் சிலர். அந்தப் பாசத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் வாக்கு குடியிருக்கும் ஊருக்கு உரியது என்பதே சட்டத்தின் கருத்து. மேலும், மாநிலத் தேர்தல் என்பது நிலத்தைப் பற்றிய தேர்தல் என்றே சொல்லலாம். பள்ளிக்கூடமும் சம்பளச் சட்டமும் மத்திய அரசின் பொறுப்பு. நிலமோ மாநில அரசின் கையில். கோயில் மனை, இடுகாடு, வீட்டுமனைப் பட்டா அனைத்தும் அதில் அடங்கும். தீபகற்ப மலேசியாவில் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாடி விற்க வேண்டுமாயின், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி அம்மாநிலத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. கால்வாய், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நியமிப்பதும் மாநில அரசே. நாம் வாழும் இடத்தில் கால்வாய் அடைத்துக் கிடக்க, நாம் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர் ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே இரண்டு படிகள் ஏற வேண்டும். முதலில் தேசியப் பதிவிலாகாவிற்குச் சென்று அட்டையின் முகவரியை மாற்ற வேண்டும். அத்துடன் வேலை முடிந்ததென்று பலர் திரும்பிவிடுகின்றனர், முடியவில்லை. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர், புதிய முகவரிக்குத் தம் பெயரை மாற்றும்படி தேர்தல் ஆணையத்திற்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கைத்தொலைபேசி வழியாகவும் விண்ணப்பிக்கலாம்; இயலாதவர் ஆணையத்தின் மாநில அலுவலகத்திற்குச் செல்லலாம். பட்டியலில் பெயரைப் பார்ப்பதற்கு அடையாள அட்டை எண் ஒன்றே போதும். வீட்டிலுள்ள பிள்ளைகள் தம் பெயரைப் பார்க்கும்போது பாட்டியின் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் நலம். சட்டமன்றம் கலைந்து, தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவதால் அந்தத் தேர்தலுக்குப் பயனில்லை.

சிவப்பு அட்டை வைத்திருப்போர் நிரந்தரவாசிகள். பச்சை அட்டை வைத்திருப்போர் தற்காலிகவாசிகள். இவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இந்நாட்டிலேயே முதுமை அடைந்தும் சிவப்பு அட்டையோடு வாழும் பெரியவர்கள் தோட்டங்களில் உண்டு என்பது வருந்தத்தக்கதே. அவர்கள் முதலில் தேட வேண்டியது குடியுரிமை. அதற்கும் பதிவிலாகாவையே நாட வேண்டும்.

வாக்களிக்கும் நாளில் அடையாள அட்டையை மறவாதீர்கள். எந்தப் பள்ளி, எந்தச் சாலுரான், பட்டியலில் எத்தனையாம் எண் என்பவற்றை முன்னரே ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வரிசையில் தவிக்க வேண்டியதில்லை. உள்ளே அட்டையைச் சரிபார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார்கள். இடக்கைச் சுட்டுவிரலில் மை இடுவார்கள். அந்த மை சில நாள் போகாது. பால்கறை படிந்த விரல்களுக்கு அது ஒரு பொருட்டன்று. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரும் சின்னமும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தை அடையாளம் காணலாம். விரும்பும் வேட்பாளருக்கு நேரே உள்ள கட்டத்தில் ஒரே ஒரு பெருக்கல் குறி இடுங்கள். கையெழுத்துப் போட்டாலோ, இருவருக்குக் குறி இட்டாலோ சீட்டு செல்லாததாகிவிடும். கண் பார்வையற்றவரும் உடல் இயலாதவரும் அங்குள்ள தலைமை அதிகாரியிடம் சொல்லி உதவி பெறலாம். யாருக்கு வாக்களித்தீர் என்று கேட்கும் உரிமை துரைக்கும் இல்லை, கிராணிக்கும் இல்லை, அரிசி மூட்டை கொண்டு வருபவருக்கும் இல்லை.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்போர் உண்டு. 2013 பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றியை முடிவு செய்தவை 462 வாக்குகள்தாம். இரண்டு மூன்று தோட்டங்களின் பெரட்டில் அத்தனை பேர் நிற்பார்கள்.

அன்று வேலை நாளாயின் சம்பளம் போய்விடுமே என்ற அச்சமும் வேண்டா. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வாக்களிக்கப் போதிய நேரத்தை முதலாளி தொழிலாளிக்குத் தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்று கூறுகிறது. தோட்ட நிர்வாகத்திடம் இதனை முன்கூட்டியே பேசி, எந்தப் பகுதியினர் எந்த நேரத்தில் போவது, லாரி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று தொழிற்சங்கக் கிளையினர் ஏற்பாடு செய்துகொள்வது நன்று.