இறங்கி வந்த தந்தை



அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’, விண்வெளிப் போரைப் பற்றிய நாவல். செல்வந்தரின் மகன் ஜானி ரிக்கோ, தந்தை தடுத்தும் கேளாமல் படையில் சேர்கிறான். உறவு முறிகிறது. பின்னர் எதிரிகளின் தாக்குதலில் புவனோஸ் அயர்ஸ் நகரம் அழிகிறது. அவனுடைய தாயும் அங்கே மடிகிறார்.

ஒருநாள் ரிக்கோ தன் தந்தையைச் சந்திக்கிறான், போர்வீரர் சீருடையில்! தாம் செய்யத் தவறியதை மகன் செய்துவிட்டான் என்பதாலேயே தமக்கு அத்தனை கோபம் வந்தது என்று தந்தை மனம் திறக்கிறார். கதை முடியும்போது மகன் அதிகாரி. தந்தை அவனுக்குக் கீழே பணிபுரியும் சார்ஜென்ட்.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஊதாரி மகனை நோக்கி ஓடியவரும் தந்தைதான். இருவரும் தங்கள் கௌரவத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் ரிக்கோவின் தாய் அந்த ஒப்புரவைக் காண உயிரோடு இல்லை. நம் வீடுகளிலும் பேச்சு நின்றுபோன பிள்ளைகள் உண்டு, பெற்றோர் உண்டு. ஒரு சாவு வீட்டில்தான் மீண்டும் பேச வேண்டுமா? அவர் முதலில் பேசட்டும் என்று காத்திராமல், இன்றிரவே நீங்கள் அழையுங்கள்.

நம்மைத் தேடி இறங்கி வந்த இறைவன் அதற்கான துணிவைத் தருவாராக. ஆமென்.